கொதிநீர் விட்ட கோடு

நுண்ணோக்கியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் முன்னால் வந்து நின்ற ஆய்வகப் பெண்மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அண்ணே, லென்ஸ்ல கோளாறு இருக்கா பாருங்க. இந்தச் சதை சாயத்துல பழுப்பானாத்தான் வார்டுல இருக்கிற அந்த நோயாளி அம்மாவுக்குப் புது மருந்து கொடுப்பாங்க. போன வருஷம் அவங்க சதை நல்லாப் பழுப்பேறிச்சு, இப்ப வெளிறிக் கிடக்கு. அஞ்சு மணிக்கு டாக்டர் ‘இல்லை’னு கையெழுத்துப் போட்டுடுவார்.”

தாழ்வாரத்தில் அந்த அம்மாவின் கணவர் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக் நிதானமாகக் குனிந்து பார்த்தார். ஒரே கண்ணாடி ஸ்லைடில் இரண்டு சதைத் துண்டுகள். மேலே நோயாளியுடையது, கீழே, சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் சாட்சித் துண்டு. சாட்சி பழுப்பேறியிருந்தது. அதன் மேல்விளிம்பு மட்டும் வெளிறியிருந்தது.

“லென்ஸ் மேல பழி போடாதீங்கம்மா.”

“சாயம் கெட்டுப்போச்சு, அத்தான்!” என்றார் கருவிப்பெட்டியோடு நின்ற அவரது வழுக்கைத்தலை மைத்துனர்.

“கெட்டிருந்தா கீழ மட்டும் எப்படி ஏறும் மாப்ளே? ஏம்மா, சாயத்துக்கு முன்னாடி என்ன செய்வீங்க?”

“உப்புக் கரைசல்ல இருபது நிமிஷம் கொதிக்க வைப்போம். கெடாம இருக்க ஃபார்மலின்ல ஊறப்போட்டு இறுகின சதை அந்தச் சூட்டுலதான் சாயத்துக்கு இடம் கொடுக்கும்.”

ஸ்லைடுகளை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கொதிக்கவைத்த பாத்திரம் இன்னும் கழுவப்படாமல் கிடந்தது. அதன் உட்சுவரில் விளிம்பருகே ஒரு வெள்ளை உப்புக்கோடு. வெகு கீழே இன்னொன்று. மெக்கானிக் ஸ்லைடை உள்ளே நிறுத்தினார். கீழ்க்கோடு சாட்சியின் வெளிறிய விளிம்போடு அச்சாகப் பொருந்தியது.

“தண்ணி சுண்டிடுச்சு. மேல்துண்டு வேகவே இல்லை.”

“மூடி இருந்தா எப்படிச் சுண்டும்? யாரோ மூடியைத் திருடி…” என்றார் மைத்துனர்.

“உன் வாய்க்குத்தான் மூடி வேணும். ஏம்மா, மணிக்கட்டுல ஆவி பட்ட சிவப்பு எப்படி வந்துச்சு?”

பெண்மணி கையை மறைக்கப் பார்த்தார், பிறகு மறைக்கவில்லை.

“அந்த அம்மாவோட வீட்டுக்காரர் நடக்கிறதைப் பார்த்து எனக்கும் பதறிச்சு. திறந்து திறந்து பார்த்தேன். கடைசியில மூடியைச் சாய்ச்சே வச்சுட்டேன். தண்ணி குறைஞ்சதைக் கவனிக்கலை.”

“முளைச்சுதான்னு விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்த குரங்கு கதையாப் போச்சு. சதை இன்னும் இருக்கில்ல? மறுபடி செய்ங்க.”

நோயாளியின் சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக்கட்டியிலிருந்து பெண்மணி புதிதாக ஒரு மெல்லிய சீவல் எடுத்தார், மூடியை இறுக்கினார், மூடியைத் தொடக்கூடாதென்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தபோது இரண்டு துண்டுகளும் பழுப்பேறியிருந்தன.

“காலையில ஏன் நிறம் வரலை?” டாக்டரின் குரல் உயர்ந்தது. “யார் செஞ்ச தப்பு?”

“நான்தான் சார். மருந்துச் சீட்டை முதல்ல எழுதுங்க. என்னை அப்புறம் திட்டலாம்.”

டாக்டர் பேனாவைத் திறந்தார்.