குனிஞ்சா குணம்!

போன் அலறியது.

வாண்டா எடுத்தாள்.

"அண்ணி... உக்காந்திருக்கீங்களா?"

ஜோனி. செத்துப்போன கணவன் லியோனின் தங்கை. பஃபலோ நகரில், இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆட்களை அனுப்பும் பரிசோதனை மையம் ஒன்றில் வரவேற்பு மேஜை அவளுடையது.

"அடுப்புல பியரோகி கொழுக்கட்டை வேகுது. சட்டுனு சொல்லுடி!"

"டாக்டர் பிட்மேன் விழுந்துட்டான்! அவன் வீட்டு வாசல் ஐஸ்லயே வழுக்கி... முதுகு போச்சு!"

வாண்டா அடுப்பை அணைத்தாள்.

"நாடகமா?"

"இல்ல, நெஜ அடி. கம்பு ஊனாம நிக்க முடியல. தொழில் பண்ண முடியலைன்னு இன்சூரன்ஸ்ல பணம் கேட்டிருக்கான். கம்பெனி அவனைப் பரிசோதனைக்கு அனுப்புது. எங்க தெரியுமா? எங்க மையத்துக்கே! வியாழக்கிழமை!"

கடவுளே... இருக்கிறாயா நீ!

லியோன் கூரை போடுகிறவன். வேலையில் முதுகு உடைந்தது. நஷ்டஈடு கொடுத்த கம்பெனி அவனைப் பரிசோதனைக்குப் பிட்மேனிடம் அனுப்பியது. பிட்மேன் அப்படித் தட்டினான், இப்படித் தட்டினான். பிறகு பேனாவைக் 'கை தவறி' கீழே போட்டான்.

லியோன் மரியாதை தெரிந்தவன். பிறர் பொருள் விழுந்தால் எடுத்துக் கொடுத்தே பழகியவன். யோசிக்காமல் குனிந்தான்.

"ஆ...!"

அந்த அலறல் அறிக்கையில் ஏறவில்லை. ஏறியது இதுதான்: 'குனிந்தார். நிமிர்ந்தார். வேலைக்குத் தகுதியானவர்.'

நஷ்டஈடு நின்றது. லியோன் மறுபடி கூரை ஏறினான். உச்சியில் முதுகு பிடித்துக்கொண்டது...

கீழே வந்தது பிணம்.

"ஜோனி... இந்தப் பரிசோதனை எத்தனை வகைடி?"

"வேலையில அடிபட்டவனுக்கு ஒண்ணு. கார்ல அடிபட்டவனுக்கு ஒண்ணு. ஆளையே பாக்காம ஃபைலைப் புரட்டித் தீர்ப்பு சொல்றது ஒண்ணு. புத்தி சரியா இருக்கான்னு தோண்டுறது ஒண்ணு. எல்லாத்துக்கும் பேரு சுயேச்சை பரிசோதனை. கூலி மட்டும் கம்பெனி குடுக்கும்!"

"பிட்மேனுக்கு?"

"உடம்புக்கு... இப்போதைக்கு."

"பேனாவைப் போட்டா குனிவானா?"

"மாட்டான். பாம்பின் கால் பாம்பறியும்! ஆனா எதிர்ச்சாரியில கம்பெனியோட வேவு வேன் நிக்கும். உள்ளே நொண்டுறவன் வெளியே எப்படி நடக்குறான்னு படம் எடுப்பாங்க."

வாண்டாவின் கண்கள் சுருங்கின.

"அண்ணி! கொலை கிலை பண்ணிடாதீங்க!"

"சீச்சீ! செத்தா நிம்மதியாயிடுவானே. உயிரோட இருந்து அனுபவிக்கணும்டி அவன்!"

வியாழக்கிழமை.

பரிசோதித்த டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டாள். பிட்மேன் சிரித்தான்.

"என்கிட்டயேவா? நீங்களே எடுத்துக்குங்க மேடம்!"

ஜெயித்த களிப்போடு, கம்பை ஊன்றி, முக்கி முனகிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தான். முனகல் நிஜம்தான்.

அவன் காருக்குப் பக்கத்தில் ஒரு பெண். நீளக் கோட்டு. ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"லியோன் ஜெலின்ஸ்கியை ஞாபகமிருக்கா டாக்டர்?"

"யா... யாரு?"

"உங்க பேனாவைப் பொறுக்கிக் குடுத்தவர். நான் அவர் பொண்டாட்டி."

கோட்டை லேசாக விலக்கினாள்.

உள்ளே... ஆணியடிக்கும் துப்பாக்கி!

"அவரோடதுதான். முட்டிக்கு ஒண்ணு போடவா? முதுகுக்கு ஒண்ணு போடவா?"

கம்பு பறந்தது. பிட்மேன் ஓடினான்! பனிக்குவியலைத் தாண்டினான்! ரோட்டைக் கடந்தான்! தெருமுனை திரும்பினான்!

உயிர்ப்பயம் வந்தால் முதுகாவது, வலியாவது?

முனையைத் தாண்டியதும் வலி வந்தது. மடங்கி விழுந்தான்.

"ஆ...!"

வேனில் இருந்தவன் அதற்குள் கேமராவை அணைத்திருந்தான். தேவையானது கிடைத்தாயிற்று. காபி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மறுபடி போன்.

"அண்ணி! பிட்மேனுக்குப் பணம் கிடையாதுன்னு கம்பெனியில கைய விரிச்சுட்டாங்க! அறிக்கையைக் கேளுங்க... 'ஓடினார். தாண்டினார். வேலைக்குத் தகுதியானவர்!'"

வாண்டா சுவரில் இருந்த லியோனின் படத்தைப் பார்த்தாள். கேட்டியாய்யா?

"உங்க வீட்டுக்கு போலீஸ் வரலையா?"

"வந்துச்சு. துப்பாக்கியை எடுத்துக் காட்டினேன். காத்துக் குழாயே இல்ல. குழாய் மாட்டாம அது ஒரு ஆணிகூடத் துப்பாது. வந்த போலீஸ்காரர் அப்பாவும் கூரை போடறவராம். விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே அந்தாளு பக்கம் போகாதேம்மான்னுட்டுப் போய்ட்டாரு."

"அட! இத்தனை கூரைக்காரங்களை வேலைக்கு விரட்டினவன்... அவங்க கருவியை ஒரு நாளாவது பாத்திருந்தா ஓடியிருக்க மாட்டான்!"

"இப்ப என்ன பண்றான்?"

"பாக்கறவங்ககிட்டல்லாம் 'ஆணி... ஆணி'ன்னு அலறுறானாம். வீடியோவுல ஆணியும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. உங்க கோட்டு முதுகுதான் இருக்கு! அதனால கம்பெனி அவனை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்புது."

"எந்த வகை?"

"புத்திக்கு!"

லியோன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக வாண்டா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அங்கேயும் ஒரு பேனாவைக் கீழ போடச் சொல்லுடி... குனிஞ்சா குணம்! குனியலைன்னா கிறுக்கு!"