போயிட்டு வாரேன்

காலையில் வல்லி காப்பியை நீட்டிக் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி இருக்கு?" என்பதுதான். "தண்ணியா இருக்கு" என்பேன். அவள் முகத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டில் பொழுது விடிவது இப்படித்தான். பாளையங்கோட்டையில் எல்லா வீட்டிலும் இதே கதை என்று சொல்ல மாட்டேன். மற்ற ஆண்களுக்குச் சாமர்த்தியம் உண்டு. அடுத்த வீட்டு அழகேசன் இருக்கிறானே, மனைவி கேட்டதும், "பால் யார்ட்ட வாங்கின?" என்று திருப்பிக் கேட்டுவிடுவான். கேள்விக்கு மணி அடிக்காதல்லவா!

மெய்மணியைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும், காது குத்துகிற மாதிரி, கழுத்தெலும்புக்குக் கீழே மிளகு அளவில் ஒன்றை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மனசுக்குப் பொய் என்று தெரிந்ததை வாய் சொன்னால் போதும், டிங்! ஜனங்கள் மிரளக்கூடாதென்று நிபுணர் குழு பூஜை மணிச் சத்தத்தையே அதற்கு வைத்தது. அடித்ததைப் பதிவு செய்கிற வசதியும் முதலில் இருந்ததாம். சட்டம் போட்டவர்களுக்கே வயிற்றில் புளியைக் கரைத்ததால் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுதான் சாட்சி.

வந்த புதிதில் பட்ட பாடு கொஞ்சமா? கல்யாண மண்டபமெல்லாம் சாயரட்சைக் கோயில் மாதிரி மணியடித்தது. துட்டி வீட்டில் ஒருத்தர் செத்தவரைப் பற்றி, "தங்கமான மனுஷன்" என்று ஆரம்பிக்க, டிங். பிறகு ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். "சேலை எப்படி?" என்றால் "எந்தக் கடை?" "என் பாட்டு எப்படி?" என்றால் "எத்தனை வருஷமா கத்துக்கிடுதீங்க?" ஊர் முழுக்கக் கேள்வியாகவே பேசியது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் அந்த ரகம் இல்லை. தில்லைநாயகத்தின் மணி அடித்து எவனும் கேட்டது கிடையாது. குடியிருப்போர் சங்கத்தில் 'மெய்யாளர்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். "சாயம் போற சால்வையால்லா இருக்கு" என்றேன். "உங்களுக்கு இது போதும்" என்றார் தலைவர். இரண்டு பேர் மணியும் அடிக்கவில்லை.

இப்படி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த என்னை வளைத்தவள் என் மகள் இளவேனில்.

ஒரே பிள்ளை. மூச்சுக்காற்றுப் பொறியாளர். செவ்வாய்க் குடியேற்றத்துக்குத் தேர்வாகிவிட்டாள். போகிற கலம் போகத்தான். திரும்பி வருகிற கலத்தை இன்னும் எவரும் வரைந்துகூடப் பார்க்கவில்லை. இதை அவளே எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். வல்லி அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"போகட்டும். நான் மறிக்கலை. ஆனா கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போகணும். 'போறேன்'னு என் பிள்ளை வாயால நான் கேக்க மாட்டேன்."

"அது பொய்யில்லா?" என்றேன்.

"கடைக்குப் போறவன்கூட அப்படித்தான் சொல்லுதான்."

"கடைக்குப் போறவன் திரும்பி வருவான், வல்லி."

இதில்தான் சிக்கல். செவ்வாய்க்குப் போகிறவர்கள், தேர்வான நாளிலிருந்து கலம் ஏறும்வரை ஒரு தடவைகூட மணி அடித்திருக்கக் கூடாது. நியாயமான விதிதான். அங்கே ஒருத்தர் காற்றுக்குழாயைப் பார்க்காமலே 'பார்த்துட்டேன்' என்று சொன்னால், ஊரே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் ஒரு டிங் கேட்டால் இடம் போச்சு. காத்திருக்கிற ஆள் பெட்டியோடு தயாராக நிற்பான்.

"அப்போ வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லட்டும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் வல்லி.

"எனக்குத் தெரியுமே. வழியனுப்புற கூடத்துல, 'மணி அடிச்சுதா'ன்னு பெத்தவங்களைத்தான் முதல்ல கேப்பாங்க. அடிச்சுதுன்னுதான் நான் சொல்லணும்."

"உங்க நேர்மையில இடி விழ!" என்றாள். அவள் மணி அடிக்கவில்லை. மனசாரச் சொல்லியிருக்கிறாள்.

வேனில் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். "போயிட்டு..." என்று பாதியில் நிறுத்திப் பார்த்தாள். "வாரேனை எங்கட்டி வச்ச?" என்றாள் தாய். "செவ்வாய்க்குப் போயிட்டு, அங்கேருந்து பேசுதேம்மா" என்றாள். "பேச்சு யாருக்கு வேணும்?" என்றாள் தாய். நானோ விதி விதிதானே என்று இருந்துவிட்டேன்.

கிளம்புகிற நாள் வந்தது. ஏவுதளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கூடம். கதவருகே அதிகாரி முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "உங்க மகளுக்கு இதுவரை மணி அடிச்சுதா?" என்றாள். "இல்லை" என்றேன் மார்பை நிமிர்த்தி. மணி சும்மா இருந்தது. "சீக்கிரம் பேசி முடிங்க" என்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேனில் எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வல்லி அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை.

"வரட்டுமாம்மா?" என்றாள் வேனில், மெதுவாக.

வல்லிக்குப் பொங்கிவிட்டது. "கேக்காதட்டி! இந்த மணி வந்த நாள்லேருந்து கேள்வி கேட்டுக் கேட்டே எல்லாரும் என்னைக் கொல்லுதீங்க. உங்கப்பா ஒருத்தர்தான் பதில் சொல்லுவாரு, அது அதுக்கு மேல! ஒரே ஒரு நல்ல வார்த்தை. கேள்வி இல்லை, சொல்லு. வேண்டாம், சொல்லாத. சொன்னா உன்னை அனுப்ப மாட்டாங்க. நீ போ, என் கண்ணு. சொல்லாமலே போ."

வல்லி கையை விட்டாள். அந்தப் பிள்ளை கதவைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. சின்ன வயசிலிருந்து அது கனவு கண்டதெல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"போயிட்டு வாரேம்மா" என்றாள்.

டிங்!

கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வல்லி முகத்தைப் பார்த்தேன். அட, அவள் முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருக்கிறது! கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்!

"கேட்டீங்களா? நல்ல வாக்குச் சொல்லும்போது மணி அடிச்சிருக்கு! பலிக்கும்! என் பிள்ளை வந்துருவா!"

சுவரில் பல்லி சொன்னாலே பலிக்கும் என்று நம்புகிறவள் அவள். பூஜை மணிச் சத்தம் கேட்டால் விடுவாளா? 'அடிப் பைத்தியக்காரி, அது பொய்க்கு அடித்த மணி' என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய மணி அடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முழுசாக நம்பிவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

முத்துப்பேச்சி விறுவிறு என்று வந்தாள். "யார் மணி அடிச்சுது?"

வேனில் வாயைத் திறந்தாள். என் வளர்ப்பு அல்லவா, உண்மையைச் சொல்லித் தொலைக்கப் போகிறாள்.

"என்னுது!" என்றேன், முந்திக்கொண்டு.

டிங்!

அதிகாரி என் கழுத்துப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். "ஆமா, உங்களுதுதான் அடிக்குது. ஆனா அதுக்கு முன்னாலயும் ஒண்ணு கேட்டுதே?"

"எனக்கு எப்பவும் ரெண்டு ரெண்டாத்தான் அடிக்கும்."

டிங்!

என் காது சூடாகிவிட்டது. மெய்யாளர் தில்லைநாயகம்! அந்தச் சால்வையைப் போர்த்தியவர் பார்த்திருந்தால் அங்கேயே உருவியிருப்பார். முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்ற வல்லியைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வேனிலைப் பார்த்தாள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

"புரிஞ்சுது" என்றாள். அவள் மணி அடிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம், காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு வல்லி கேட்டாள்: "வேனில் வந்துருவா, என்ன?"

முந்தின நாள் என்றால், 'கலமே கிடையாது, எப்படி வருவா?' என்றிருப்பேன். "வருவா" என்றேன். டிங். "பார்த்தீங்களா, திரும்பவும் அடிச்சுட்டு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் இதுதான். சாயங்காலமானால் அவள் கேட்பாள், நான் சொல்வேன், மணி அடிக்கும், அவளுக்கு ராத்திரி தூக்கம் வரும். சங்கத்துக்காரர்களிடம் சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயம் போயிருந்தது.

நேற்றும் கேட்டாள். "வருவா" என்றேன்.

சத்தமே இல்லை.

"ஏங்க, இன்னைக்கு அடிக்கலியே!" வல்லிக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கும் பகீரென்றது. மணி கெட்டுப்போயிற்றோ என்னவோ! கையில் இருந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி பிரமாதம்" என்றேன்.

டிங் என்று கணீரென அடித்தது. மணியில் ஒரு கோளாறும் இல்லை.