அப்பா எடுக்காத போன்

ஜானுவின் அப்பா ராஜரத்தினம் வேலை பார்த்த கார் கம்பெனியை மூடி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அம்மா தி.நகர் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விடுவார். ஜானு பள்ளிக்கூடம் போய்விடுவாள். திருவான்மியூர் வீட்டில் அப்பா மட்டும் இருப்பார்.

சாயங்காலம் ஜானு திரும்பும்போது, அம்மா மூடி வைத்த சோறு அப்படியே இருக்கும். ஒரு நாள் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏம்பா சாப்பிடல?"

"கேன்டீன்ல பத்து பேரு சேந்து சாப்பிட்டே பழகிட்டேம்மா. தனியா எறங்கல."

அப்போது போன் அடித்தது. திரையில் 'தௌசீஃப்' என்று வந்தது. அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தௌசீஃப் மாமா உன் ஃப்ரெண்டுதானேப்பா?"

"நான்தான் அவன கம்பெனில சேத்து வுட்டேன். நல்லா ஓடுன சைக்கிள் கடைய மூடிட்டு வந்தான். இப்ப எந்த மூஞ்ச வெச்சுக்கினு பேசறது?"

மறுநாள் காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது. எடுத்தால் அப்பா திட்டுவாரோ? ஜானு தயங்கித் தயங்கி, சத்தம் நிற்கப் போகும் நேரத்தில் எடுத்துவிட்டாள்.

"மாமா, நான் ஜானு."

"அப்பாக்கு என் மேல இன்னாம்மா கோவம்? பதினோரு வருஷம் கம்பெனி பஸ்ல பக்கத்து பக்கத்து சீட்டு. இப்ப வூட்ல செவுத்தோட பேசிக்கினு கீறேன். அது பதிலே சொல்ல மாட்டேங்குது!"

ஜானுவுக்குச் சிரிப்பு வந்தது.

"கோவமில்ல மாமா. நாளைக்கு சனிக்கிழம மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கினு இங்க வந்துடுங்க."

சனிக்கிழமை கதவைத் திறந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். வாசலில் டிபன் பாக்ஸோடு தௌசீஃப்.

"என்னாலதானே உன் கடை போச்சு..." அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினோரு வருஷம் சம்பளம் வாங்குனேனே, அப்ப உன்னாலன்னு பீத்திக்கினியா? நவுரு நைனா, பசிக்குது!"

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அப்பா மெதுவாக, "அந்த சைக்கிள் கடை சாமான்லாம் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

தௌசீஃபைப் பஸ் ஏற்றிவிடப் போன அப்பா ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. ஜானு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தௌசீஃப் ஏற வேண்டிய ராயப்பேட்டை பஸ் கிளம்பிப் போனது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜானு அவர்களைக் கூப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பினாள்.