இடது கால் மிக நன்று

"இடது கால் மிக நன்று" என்று ரோபோ சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ பிழை என்று ஜெயரூபி நினைத்தாள். அவளுக்கு இடது கால் இல்லை. போரின் கடைசிச் சண்டையில் ஷெல் குண்டு பட்டுத் தொடையோடு போய்விட்டது. பகலில் பொய்க்கால் போட்டுக்கொள்வாள். பயிற்சிக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் இருப்பாள்.

முரசுமோட்டையில் பள்ளிக்கூடச் சட்டை தைக்க அவளிடம்தான் வருவார்கள். வருடக்கணக்காக ஒற்றைக் காலால் தையல் மெஷின் மிதித்து வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பயிற்சி செய்யாவிட்டால் அந்தக் காலும் உதவாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளோ இரண்டு நாள் செய்வாள், பிறகு விட்டுவிடுவாள். பழக்கம் வரட்டும் என்றுதான் ஒரு தொண்டு நிறுவனம் அந்த ரோபோவைக் கொண்டுவந்து வைத்தது. சின்னப்பிள்ளை உயரம், வட்ட முகம், நீலக் கண். பின்னேரமானால் தானே விழித்து, "ஜெயரூபி, ஆரம்பிப்போமா?" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் கேட்கும்.

முதல் கிழமை ஏழு நாளும் பிடித்துத்தான் இருந்தது. பிறகு இந்தக் கூத்து.

நிறுவனத்தில் வேலை செய்யும் ரஜிதனுக்குப் போன் எடுத்தாள்.

"பாவாடை மடிப்பைக் காலெண்டு நினைச்சிருக்கும் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ, வந்து பாக்கிறன்."

"போன கிழமையும் இதைத்தானே தம்பி சொன்னனீர்? நான் இஞ்சை வலியிலை சாகிறன், அது இல்லாத காலுக்குக் கைதட்டுது!"

அவன் வரவேயில்லை. ரோபோவோ நாளுக்கு நாள் மோசமாகியது. முழங்கால் நெருப்பாக எரிய அவள் வலது காலைத் தூக்கிப் பிடித்திருப்பாள். அது அசையாமல் பார்த்துக்கொண்டு, "வலது காலை உயர்த்துங்கள்" என்னும்.

"தூக்கித்தானே வைச்சிருக்கிறன்! உனக்கென்ன கண் தெரியாதோ?"

"வலது காலை உயர்த்துங்கள்."

ஆத்திரத்தில் ஒருநாள் சட்டை தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து அதன் தலையில் போட்டு மூடினாள். துணிக்குள்ளிருந்து நீலம் மங்கலாகக் கசிந்தது. "இடது கால் மிக நன்று."

அவள் பயிற்சியை விட்டுவிட்டு, பொய்க்காலை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் பின்னேரமே வானம் இருண்டு, வயல் பக்கமிருந்து சேற்று மணமும் தவளைச் சத்தமும் காற்றோடு உள்ளே வர, கறண்ட் போனது. ஆனையிறவு உப்பளத்துக்கு வேலைக்குப் போன அவளுடைய மனுசன் ஜெயந்தன் இன்னும் வரவில்லை. அவள் பொய்க்காலைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தபடி வலிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். பற்றரியில் ஓடும் ரோபோவின் கண்கள் துணிக்குள் எரிந்தன.

"வலது காலைக் காணவில்லை."

"வாயை மூடு சனியனே! இப்பவே உன்னைத் தூக்கி வெளியிலை எறியிறன்."

எழும்புவதற்கு வலது காலை ஊன்றினாள்.

ஊன்றவில்லை.

திரும்பவும் முயன்றாள். தரையின் குளிர் காலில் படவில்லை. இவ்வளவு நாளும் உயிரை வாங்கிய முழங்கால் வலியும் இல்லை. தவளைகள் ஓய்ந்திருந்தன. தைலம் பூசிய கையை மெதுவாகப் பாவாடைமேல் நகர்த்தினாள். தொடை இருந்தது. முழங்கால் இருந்த இடத்தில் வெறும் துணி. அதற்குக் கீழே பாய்.

"ஜெயந்தன்..." வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இடது காலை உயர்த்துங்கள்."

இடது பக்கம் பாவாடை புடைத்தது.

அவள் அசையவில்லை. துணி மெல்ல மெல்ல உயர்ந்தது. ரோபோவின் நீல வெளிச்சத்தில், விளிம்புக்கு வெளியே ஒரு பாதம் வந்தது. அகலமான பாதம். ஆணுடையது. விரல் இடுக்கெல்லாம் ஈர மண்.

குதிகால் பாயில் ஊன்றியது. விரல்கள் மடங்கிப் பாயைப் பற்றின. பிறகு, அவளையும் இழுத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவை நோக்கி அது நகரத் தொடங்கியது.