உறைபனிக் காலையில் சீர் வண்டி

என் கல்யாணத்துக்கு முதல் நாள். கோடைக்கானலில் எங்கள் வீட்டு வாசல் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடந்தது. பழநியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் சீர் கொண்டு போக வேண்டும். பித்தளை அண்டா, வாழைத்தார், மலைப்பூண்டு மூட்டை எல்லாம் வேனில் ஏறிவிட்டன.

அந்த வேன் பட்டாளத்தில் ஓடிக் கிழடானது. என் அண்ணன் நல்லசாமி அதைப் போன சித்திரையில்தான் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டுச் சீர் எங்கள் வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். என் பிடிவாதமும் அதுதான்.

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். பின்னாலிருந்த குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை வந்தது. கோடையில் வாங்கிய வண்டி இப்படிப் புகைந்து அவர் பார்த்ததே இல்லை. அவர் முகமும் வெளுத்தது.

என்னை அழைத்துப் போக வந்திருந்தவர் மாப்பிள்ளையின் அண்ணன் வேலுச்சாமி. பழநி வெயிலில் வளர்ந்தவர். கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி எறங்கிருச்சுங்க மச்சான். பாதி மலையில நின்னுபோகும். வத்தலக்குண்டுல எங்க லாரி நிக்கிது. ஆளனுப்பி வரச் சொல்லிர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பெண் வீட்டுச் சீர் மாப்பிள்ளை வீட்டு லாரியில் போவதா? அண்ணன் அண்டாவை இறக்கப் போனார். எனக்கு அழுகை முட்டியது.

அண்ணன் மகள் கண்மணிக்குப் பத்து வயது. அண்டாவின் மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பொறுங்கப்பா. வெள்ளனே கிளம்புற பஸ்ஸெல்லாம் ஸ்டாண்டுல இப்படித்தான் புகையும். கொஞ்ச நேரத்துல புகை நின்னுரும்."

அது குளிராலா, கோளாறாலா என்று எப்படித் தெரியும் தாயி என்று வேலுச்சாமி கேட்டார்.

கண்மணி யோசித்தாள். "தண்ணி எஞ்சினுக்குள்ள போனா ரேடியேட்டர்ல குறையணும்ல மாமா?"

அண்ணன் நிமிர்ந்தார். வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரில் கழுத்தளவு தண்ணீர் ஊற்றி மூடினார். மறுபடி கிளப்பி ஓடவிட்டார்.

வேலுச்சாமி குழாயருகே குனிந்து, "ஹூம்" என்றார். அவர் வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை வந்தது.

"மாமா, உங்களுக்கும் புகையுது" என்றாள் கண்மணி.

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவர் அவர்தான். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு புகை.

எஞ்சின் சூடேறச் சூடேற வண்டியின் புகை மெலிந்து, நூலாகி, நின்றே போனது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அண்ணன் அணைத்தார். சூட்டோடு மூடியைத் தொடக் கூடாது என்பதால் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஆறிய பிறகு திறந்தால், தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது.

வேலுச்சாமி தானே பூண்டு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.

"வெரசா எடுங்க மச்சான். பொண்ணு வீட்டு வண்டிய எங்க ஊரு பாக்கட்டும்."

பழநியில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மணப்பெண் தலை குனிந்து இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வண்டியிலிருந்து நான் நிமிர்ந்தே இறங்கினேன்.