பதில் சொன்ன கண்ணாடிக் கடைக்காரர்

காலை 11:40.

டீச்சர் கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு கைப்பேசியை மட்டும் உள்ளே நீட்டினார்.

"இதை யாரு அனுப்புனது?"

கடைக்காரம்மா வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடையின் இணையதளம். அதன் மூலையில் வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்கும் பதில் பெட்டி. செய்தி வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

'டீச்சர், உங்க வலது காது ஒரு அரிசி அளவு உயரம். அதான் பிரேம் சாயுது. வாங்க, சரி பண்ணித் தரேன். நான் எங்கேயும் போகல. கடையிலதான் இருக்கேன்.'

"ஒரு அரிசி அளவுன்னு உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் சொல்வாரு," என்றார் டீச்சர். "அவர் சாவுக்கு நான் வந்திருந்தேன்மா. என் ஆர்டர் வேண்டாம். கேன்சல் பண்ணிடுங்க."

அவர் போன வேகத்தில் கதவு இரண்டு முறை ஆடி நின்றது. சுவரில் நானூறு பிரேம்கள், முகமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

கடைக்காரர் இறந்து நான்கு மாதம். பெட்டி அவர் குரலில் பேச ஆரம்பித்து மூன்று வாரம். டீச்சருடையது பதினோராவது கேன்சல். கட்டடத்தோடு கடையை வாங்கிக்கொள்ள ஒருவர் அன்று மாலை ஐந்து மணிக்கு வருவதாக இருந்தது. கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று கடைக்காரம்மா அதற்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது யார்?

மதியம் 12:15.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். ஊரே அவரை 'சோடாபுட்டி' என்றுதான் சொல்லும், முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'. அத்தனை தடிமன் கண்ணாடி. அதன் வலது மூட்டில் ஸ்க்ரூ போய், கறுப்பு நூலால் கட்டியிருந்தார். கண்ணாடிக் கடைக்கே அந்தக் கோலத்தில் வர அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அவரை வரவழைத்தவர் கடைக்காரரின் தம்பி. பக்கத்திலேயே சலூன் வைத்திருப்பவர்.

"பெட்டியைத் திறக்குற பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க நாலு பேருக்கும் சார்," என்றார் சலூன்காரத் தம்பி. "அண்ணி, அக்கா, நான், வெப்சைட்காரர். அண்ணன் ஒரு சீட்டுல எழுதி கல்லாவுக்குக் கீழே ஒட்டி வெச்சிருக்காரு. அவர் ரகசியம் காக்குற லட்சணம் அது."

"நாலு பேரும் இங்கே என்ன வேலை பார்க்கிறீங்க?"

கடைக்காரம்மா பின் அறையில் லென்ஸ் தேய்ப்பவர். தண்ணீர் சொட்டும் சக்கரம், கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆட்கள் முகத்தையே பார்க்காத வேலை. கடைக்காரரின் அக்கா முன்பக்கம், பொருத்தும் மேஜையில். பத்தொன்பது வருடமாக, எதிர் ஸ்டூலில் உட்காருகிற ஆளின் முகத்துக்கு நேர் முகம் வைத்து பிரேமை வளைத்துப் பொருத்துகிறார். தம்பி, சலூன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தரி பிடிப்பவர். நான்காமவர், கடையின் இணையதளத்தைப் புதுப்பித்துக் கொடுத்த வெப்சைட்காரர்.

வெப்சைட்காரருக்குத் தன் வேலைமேல் தனிப் பெருமை. "முன்னாடியெல்லாம் இந்த சைட் திறக்குறதுக்குள்ள கஸ்டமருக்கு நரைச்சுப் போயிடும் சார். இப்ப ரெண்டு செகண்ட். விலை, பவர், டெலிவரி தேதி எல்லாம் முதல் பக்கத்துலயே. பழைய கஸ்டமருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை 'கண்ணு செக் பண்ணுங்க'ன்னு லெட்டர் போகும். அப்புறம் முகம் பார்க்கிற பக்கம். போன் கேமராவுல உங்க மூஞ்சி தெரியும், பிரேமை மாட்டிப் பார்க்கலாம்."

"படம் உங்களுக்கு வருமா?"

"அவங்க அந்தப் பக்கத்துல இருந்தே கேள்வி கேட்டா, படமும் சேர்ந்து பெட்டிக்கு வரும். அது கண்ணாடி முன்னால நிக்கிற மாதிரிதான் சார் இருக்கும், இடம் வலம் மாறி. நேரா காட்டினா ஜனங்களுக்குத் தன் மூஞ்சியே பிடிக்காது."

"பெட்டி தானா பதில் சொல்லுமா?"

"'விரைவில் தொடர்புகொள்கிறோம்.' அந்த ஒரு வரிதான் அதுக்குத் தெரியும்."

மதியம் 1:05.

சோடாபுட்டி சலூனில் போய் உட்கார்ந்தார். தம்பி பின்னால் வந்து நின்று, எதிர்க் கண்ணாடியில் அவரை ஒரு நோட்டம் விட்டார்.

"வலது பக்கம் நூல் கட்டியிருக்கீங்களே சார். அக்காகிட்ட குடுத்தா ரெண்டு நிமிஷத்துல ஸ்க்ரூ போட்டுடுவாங்க."

"ஆகட்டும்."

தம்பி தண்ணீர் பிடிக்கப் போனார். வெப்சைட்காரர் வெளியே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது. அது தானாகவும் ஓடும் என்பதை நம்மவர் மறக்கவில்லை. கைப்பேசியில் கடையின் இணையதளத்தைத் திறந்து, முகம் பார்க்கிற பக்கத்துக்குப் போய், பெட்டியில் தட்டினார். 'யார் நீங்க?'

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல எழுத்து வந்தது.

'இடது பக்கம் நூல் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீங்க சார்? கண்ணாடியையும் துடைங்க. எனக்கே மங்கலா தெரியுறீங்க.'

முப்பத்திரண்டு வருடம் பிணங்களோடு பழகிய மனிதர்தான். ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்தார். சலூனில் யாரும் இல்லை. பிறகு அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்தார். உடனே டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், உங்களுக்கு எந்தக் காது உயரம்?"

"இடது."

"உறுதியா?"

"பத்து வருஷமா அவர்தான் எனக்குக் கண்ணாடி போட்டாரு. வேற யாரையும் தொடவே விட மாட்டாரு. ஒவ்வொரு தடவையும் இடதுன்னுதான் சொல்வாரு. செத்தா மறந்துடுமா சார்?"

"மறக்காது டீச்சர்," என்றார் சோடாபுட்டி. அவருக்கு எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்கவில்லை.

மதியம் 2:40.

வெப்சைட்காரர் பெட்டிக்கு வந்த செய்திகளை வரிசையாகக் காட்டினார். ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஒரு ஆளு மட்டும் புரியல சார். பேரு இல்ல, படம் இல்ல. பத்தொன்பது நாளா, டெய்லி ரெண்டு பத்துக்கு வர்றாங்க. இன்னிக்கும் வந்தாச்சு."

சோடாபுட்டி படித்தார்.

'சாப்பிட்டீங்களா?'

'ஆச்சு. நீ?'

'பசிக்கல.'

'போய் சாப்பிடு முதல்ல.'

தினமும் இப்படித்தான். ஆர்டர் இல்லை, விலை கேட்கவில்லை. முந்தின நாள் மட்டும் வேறு மாதிரி. 'என் மேல கோவமா?' அதற்கு வெகுநேரம் கழித்துப் பதில். 'உன் மேல எனக்கு எப்போ கோவம் வந்துச்சு?' இன்றைக்குக் கேட்டது: 'கடையைக் குடுத்துடட்டுமா?' பதில்: 'வேண்டாம். நான் இங்கேதானே இருக்கேன்.'

"எங்கிருந்து எழுதுறாங்க?"

"அதுதான் சார் பயமா இருக்கு. வெளியில இருந்து இல்ல. இந்தக் கடைக்குள்ளேயே இருக்குற கம்ப்யூட்டர்."

சோடாபுட்டி பின் அறைக் கதவைப் பார்த்தார். சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பது யார் என்பதை அப்போதே புரிந்துகொண்டார்.

மாலை 4:20.

நான்கு பேரையும் கடைக்குள் உட்கார வைத்தார்.

"பெட்டிக்குள்ள பேயெல்லாம் கிடையாது. உங்கள்ல ஒருத்தர். அவர் ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணியிருக்காரு. டீச்சருக்கு இடது காது உயரம், வலதுன்னு எழுதியிருக்காரு. எனக்கு வலது பக்கம் நூல், இடதுன்னு எழுதியிருக்காரு."

"படம் இடம் வலம் மாறி வருமே சார்," என்றார் வெப்சைட்காரர்.

"அதேதான். அப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே பண்ணி வெச்சது. அதனால நீங்க தப்பு பண்ண மாட்டீங்க. தம்பி, நீங்க நாள் பூரா ஆளுக்குப் பின்னால நின்னு கண்ணாடியிலதான் மூஞ்சியைப் பார்க்குறீங்க. கண்ணாடியில இடப்பக்கம் தெரியுறது அந்த ஆளோட இடதுதான். அது உங்க கைப்பழக்கம். இன்னிக்கும் கண்ணாடியில பார்த்தே வலதுன்னு சரியா சொன்னீங்க."

கடைக்காரம்மாவிடம் திரும்பியபோது குரல் தணிந்தது. "நீங்க கேள்வி கேட்டவங்கம்மா. பதிலுக்குக் காத்திருந்தவங்க. தனக்குத்தானே பதில் எழுதிக்கிட்டு யாரும் பத்தொன்பது நாள் காத்திருக்க மாட்டாங்க."

கடைக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"மிச்சம் ஒருத்தர். அரிசி அளவு வித்தியாசம் கண்ணுல படணும். எதிர்ல உட்கார்றவங்களோட வலது பக்கம் தனக்கு இடது பக்கமா வரும்னு பத்தொன்பது வருஷமா மனசுக்குள்ள மாத்தி மாத்திப் பார்த்துப் பழகியிருக்கணும். படம் ஏற்கெனவே மாறி வந்தது. அவங்க பழக்கத்துல இன்னொரு தடவை மாத்திட்டாங்க. டீச்சரை எப்பவும் கடைக்காரரே பார்த்ததால, அந்தக் காதை அவங்க நேர்ல பார்த்ததும் இல்ல."

எல்லாரும் பொருத்தும் மேஜையைப் பார்த்தார்கள். அக்கா கையிலிருந்த திருப்புளியை மேஜைமேல் வைத்தார்.

"ஆமா. நான்தான்."

"ஏன்க்கா?" என்றார் தம்பி.

"முதல் நாள் யாரோ ஒரு வயசானவர், 'எப்படிப்பா இருக்கே?'ன்னு கேட்டாரு. செத்துட்டான்னு எழுதக் கை வரல. நல்லா இருக்கேன்னு எழுதிட்டேன். எழுதுனதும் அவனே சொன்ன மாதிரி இருந்துச்சு. ஜனங்க அவனுக்காகத்தான் வந்தாங்க. அவன் இருந்தா போக மாட்டாங்கன்னு நெனைச்சேன். பைத்தியக்காரத்தனம்தான். கேன்சல் ஆகும்போதெல்லாம் நிறுத்திடணும்னு நெனைப்பேன். முடியல."

கடைக்காரம்மா எழுந்து வந்தார். முகத்தில் கோபமில்லை. பயம்தான் இருந்தது.

"ரெண்டு பத்துக்குக் கேட்டது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"மூணாவது நாளே தெரியும். உள்ளே கீபோர்டு சத்தம் கேட்கும். நின்னதும் என் போன் அடிக்கும்."

"தெரிஞ்சும் எழுதுனீங்க."

"கடையைக் குடுத்துட்டா நான் எங்கே போவேன்? அதுவும்தான் காரணம். இல்லைன்னு சொன்னா பொய்."

கடைக்காரம்மா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவர் போன அன்னிக்கு, ஸ்கூல் ஆர்டரை முடிச்சுட்டு வரேன்னு இங்கேயே உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் லேட்டாப் போனேன். நாலு மாசமா எனக்குத் தூக்கமே இல்லக்கா. நேத்து, கோவம் இல்லைன்னு பதில் வந்துச்சு. நேத்துதான் தூங்கினேன். அதுவும் நீங்க எழுதுனதா?"

சோடாபுட்டிக்கு, இந்த வழக்கை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"எழுதுனது நான்," என்றார் அக்கா. "சொன்னது அவன்."

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் கேட்டேன். அவ இன்னும் வரலையே, உனக்குக் கோவமா இல்லையாடான்னு. 'அவ மேல எனக்கு எப்போ கோவம் வந்துச்சு?'ன்னான். அதே வார்த்தை. உன்கிட்ட சொல்லணும்னு தெரியும். எனக்குத்தான் உன் மேல கோவம். அதனால நாலு மாசம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். நேத்து நீ அதையே கேட்டே. எழுதிட்டேன்."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, வாங்குறவர் வந்துட்டாரு," என்றார்.

"கடை குடுக்கிறதா இல்லைன்னு சொல்லிடுங்க தம்பி." கடைக்காரம்மா திரும்பவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேற என்ன சொன்னாரு?"