ஒரே ரத்தத்துக்கு மருந்து

தலை வாரும்போதுதான் தேவகி அதை முதலில் உணர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷாலினியைக் கூடத்தில் உட்காரவைத்து, ரிப்பனை அவிழ்த்து, வகிடு எடுக்கக் குனிந்தாள். எட்டு வயதுக் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து எண்ணெயும் வெயிலும் கலந்த வாசம் எழுவதற்குப் பதிலாக, மூக்குப்பொடியும் ஊறிப்போன வேர்வையும் விடியும்வரை மூடிக்கிடந்த வாயின் புளிப்பும் சேர்ந்த ஒரு நாற்றம் எழுந்தது. மாமனார் தட்சிணாமூர்த்தியின் தலையணை உறையை ஊறப்போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாளே, அதே நாற்றம்.

"தாத்தா தலகாணில படுத்தியா?"

"இல்லம்மா."

சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். துண்டால் துவட்டும்போது, சூடான நீராவியோடு அது இன்னும் கெட்டியாக வந்தது. சடை பின்னி முடித்தாள்.

திண்டிவனத்தில் அந்த வீட்டுக்குச் சர்க்கரை நோய் பரம்பரைச் சொத்து. மாமனாரின் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்தார்கள். மாமனாரின் அண்ணனுக்குக் கண் போயிற்று. தேவகியின் கணவன் இளவழகனை விட்டுவிட்டு, அது நேராக ஷாலினியிடம் வந்தது. ஆறு வயதிலிருந்து காலையும் மாலையும் அந்தச் சின்ன வயிற்றில் தேவகிதான் ஊசி குத்துகிறாள். குத்தும்போது குழந்தை அழுவதில்லை, சுவரைப் பார்த்துக்கொள்ளும். அழுதால் தேவலை என்று தேவகி நினைப்பாள்.

மாமனாருக்கும் காலில் புண் ஆறாமல் போனபோது, விழுப்புரத்தில் ஒரு மாடியில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் இருதயராஜைப் பற்றி யாரோ சொன்னார்கள். தேவகிதான் கூடப் போனாள்.

"பொறக்கும்போது வந்த மரபணுவை மாத்த முடியாதுங்க," என்றார் டாக்டர். "அது வீட்டுக்குள்ள ஓடுற வயர் மாதிரி. ஆனா எந்த விளக்கு எரியணும், எது அணையணும்னு மேல சுவிட்ச் இருக்கு பாருங்க, அதை மாத்தலாம். ஆளுக்கு ஆள் அது வேற வேற. அதனால உங்க ரத்தத்துலேர்ந்தே உங்களுக்குன்னு செஞ்சு தரேன். வேற யார் வாயிலயும் படக்கூடாது."

தந்தது ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே கலங்கிய பழுப்பு நீர், மேலே பாலாடை போல ஒரு மெல்லிய ஏடு. தினமும் அதற்குக் கொஞ்சம் கேப்பைக்கூழ் ஊற்ற வேண்டும். ஏட்டை ஒதுக்கிவிட்டுக் காலையில் ஒரு கரண்டி நீரைக் குடிக்க வேண்டும். ஊற்றிய கூழ் மாலைக்குள் காணாமல் போய்விடும்.

புண் ஆறியது. சர்க்கரை இறங்கியது. பிடரியில் கறுப்பு மயிர் முளைத்தது. குதிகாலின் பழைய தோல் ஏடு ஏடாக உரிந்து படுக்கையில் கிடக்க, அடியில் கைக்குழந்தையின் பாதம் போல ரோஜா நிறம். அந்தத் தோல்களைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவது தேவகியின் காலை வேலையாயிற்று.

"எமன் பஸ்ஸு மாறி ஏறிட்டான், தேவகி," என்று சிரித்தார் மாமனார். "நீ இன்னா, மூஞ்ச சுளிச்சிக்கினே நிக்கிற?"

"ஒண்ணும் இல்ல மாமா. கால நகத்துங்க, கூட்டணும்."

குழந்தைக்கும் தரலாமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டாள். கூடாது என்றார். வளர்ந்தபிறகு, அவள் ரத்தத்திலிருந்து அவளுக்கென்று தனியாகச் செய்யலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் தேவகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமனார் முன்சீட்டுக்காரனிடம் மல்லாட்டைக் கடலை விலை பேசிக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அவளுக்கு ஒரு கணக்கு சரியாக வந்தது. இந்த வீட்டில் ஒருவர் செத்தால் பங்காளி வீடுகள் அத்தனைக்கும் தீட்டு. ஒரே ரத்தம் என்பதால்தானே. வெளியிலிருந்து வந்த தேவகியை டாக்டர் வேறு ஆள் என்று சொல்லலாம். ஷாலினி எப்படி வேறு ஆள்? சாவு ஒரே ரத்தத்துக்குப் பொது என்றால் மருந்தும் பொதுதான்.

மறுநாளிலிருந்து மோரில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையின் சர்க்கரை இறங்கியது. ஊசியின் அளவைக் குறைத்தபோது தேவகி சமையலறையில் தனியாக நின்று அழுதாள்.

இப்போது இந்த நாற்றம்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காலையில் ஷாலினி அடித்தொண்டையிலிருந்து காறி, கிணற்றடியில் மஞ்சளாகத் துப்பினாள். ஹேர்பின்னால் காது குடைந்து, நுனியை முகர்ந்து பார்த்தாள். கால் கழுவிவிடும்போது குதிகாலில் வெடிப்பு. ஏரி வற்றியபின் மண் பிளந்து கிடப்பதைப்போல. பெருவிரல் நகம் தடித்து, மஞ்சளித்து, அடியில் ஏதோ மாவு போல உதிர்ந்தது.

மாமனாரின் தலையணை உறையை ஊறப்போட எடுத்தாள். பால் வாசம் அடித்தது.

குழந்தைக்கு மருந்தை நிறுத்தினாள், ஜாடிக்குக் கூழ் ஊற்றுவதையும் நிறுத்தினாள். இரண்டாம் நாளே ஷாலினி ஜாடிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குக் கூழு ஊத்தலியா நீ?" என்றாள். "பசிக்குது."

யாருக்குப் பசி என்று தேவகி கேட்கவில்லை. புதுச்சேரியில் வேலையிலிருந்த இளவழகனுக்கு போன் போட்டாள். அவன் பாதி கேட்டுவிட்டுச் சொன்னான்: "பேஜாரு பண்ணாத. பிடிக்கலன்னா சாக்கடைல ஊத்திடு, தொலையட்டும்."

விளக்கு வைக்கும் நேரம். வானம் மூடிக்கொண்டு ஈரக்காற்று அடிக்க, கரண்டும் போயிற்று. மாமனார் தன் அறையில் படுத்திருந்தார். ஷாலினி கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள், எதிரில் ஏற்றிவைத்த விளக்கு. தேவகி ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைச் சாக்கடையோரம் போனாள். தூக்கும்போதே கனத்தது. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரனின் கழுத்தைப்போல.

மூடியைத் திருகினாள். ஏடு தடித்திருந்தது. கரண்டியால் ஒதுக்கப் பார்த்தாள். ஒதுங்கவில்லை. விரலால் தொட்டாள்.

தோல்.

சின்னச் சின்னத் துவாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூனைமயிர்.

காற்று அடித்தது. மயிர்கள் நிமிர்ந்தன. ஏடு முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தது.

"மூடு. குளுருது," என்றாள் கூடத்திலிருந்து ஷாலினி.

"மூடு. குளுருது," என்றார் அறையிலிருந்து மாமனார்.

ஒரே நேரம். ஒரே குரல்.

தேவகி ஜாடியைக் கவிழ்த்தாள். மூடி கை தவறிச் சாக்கடைக்குள் போயிற்று. பழுப்பு நீர் ஒரு கோடாக வழிந்தது. கூடத்தில் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினாள். திறந்த கதவு வழியே தெரிந்தது. பாயைவிட்டு உருண்டு கிடந்தாள் ஷாலினி. வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டிருந்தது.

ஜாடியை நிமிர்த்தினாள்.

குழந்தை மூச்சை இழுத்தது.

லேசாகச் சாய்த்தாள். நின்றது.

நிமிர்த்தினாள். வந்தது.

மூடி இல்லை. காற்று. இரண்டு அறைகளிலும் பற்கள் கிடுகிடுத்தன. தேவகி அங்கேயே, ஈரக்கல்லில் உட்கார்ந்தாள். ஜாடியை வயிற்றோடு அணைத்தாள். முந்தானையால் சுற்றினாள். வாய்ப்பகுதியில் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

பற்கள் அடங்கின.

கைக்கு அடியில் தோல் இளகியது. துடித்தது. நடுவில் ஒரு மடிப்பு, மெதுவாக, ஈரமாக, விரிந்தது. பல் முளைக்காத ஈறு ஒன்று அவள் விரலைத் தேடிப் பிடித்தது.

சப்பத் தொடங்கியது.

"சூடு பத்தல," என்றன வீட்டுக்குள்ளேயிருந்து இரண்டு குரல்களும்.

தேவகி இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள்.